இடதுசாரிப் பொருளாதாரப் பேராசிரியருக்கு நினைவுக் கட்டுரை எழுதுவது எப்படி? ஜோன் ராபின்சனை வைத்து ஒரு பயிற்சி

இடதுசாரிப் பேராசிரியர் ஒருவர் காலமானால் அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் என்னென்ன வரும் என்று நமக்குத் தெரியும். செவ்வணக்கம், பேரிழப்பு, சமரசமற்ற போராளி, எளிமையின் சிகரம், மாணவர்களின் நெஞ்சில் என்றும் வாழ்வார். நல்ல மனதோடு எழுதுவதுதான், குறை சொல்லவில்லை, ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அதே இரங்கல் அடுத்தவருக்கும் அப்படியே பொருந்தும். மனிதர் முப்பது நாற்பது வருடம் யாரோடு, எதற்காக மல்லுக்கட்டினார் என்பது மட்டும் அதில் இருக்காது. இப்படிப்பட்ட பேராசிரியர்களின் வாழ்க்கையில் எழுதத் தகுந்ததே அந்தச் சண்டைதான் என்பது என் கட்சி. நினைவேந்தல் கூட்டத்தில் பேசுவதற்கோ மலருக்கு எழுதுவதற்கோ உங்களைக் கேட்டிருந்தால், அந்தச் சண்டையை எப்படித் தோண்டி எடுப்பது என்று பார்ப்போம்.

பயிற்சிக்கு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோன் ராபின்சனை எடுத்துக்கொள்கிறேன். 1903இல் பிறந்து 1983இல் இறந்தவர். பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் நெருங்கிய வட்டத்தில் இருந்தார், மார்க்ஸைத் தீவிரமாகப் படித்தார், யாருக்கும் முழு விசுவாசியாக இருக்கவில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துபோனவர். நோபல் கிடைக்கும் என்று 1975இல் பலரும் எதிர்பார்த்தார்கள், கிடைக்கவில்லை. (இதையே தலைப்பாக்கிவிடாதீர்கள். கிடைக்காத பரிசைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.)

முதலில் உட்கார்ந்து ஆண்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். இடப்பக்கம் அவர் வாழ்க்கை, வலப்பக்கம் அந்த ஆண்டில் அவர் துறையிலும் வெளியுலகிலும் நடந்தது. ராபின்சனுக்கு இப்படி வரும்: 1925இல் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் படிப்பு முடிகிறது. 1926இல் ஆஸ்டின் ராபின்சனோடு திருமணம், உடனே குவாலியர் பயணம், அங்கே சிறுவனாக இருந்த மகாராஜாவுக்குக் கணவர் ஆசிரியர். 1933இல், முப்பது வயதுக்குள், பெயர் வாங்கித்தந்த முதல் பெரிய புத்தகம். 1937இல் விரிவுரையாளர். 1949இல் ரீடர், அதாவது பேராசிரியருக்கு ஒரு படி கீழே. 1965இல்தான் பேராசிரியர். அதே ஆண்டுதான் கணவர் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வுபெறுகிறார். வலப்பக்கத்தில் இன்னொன்றையும் போடுங்கள்: கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948இல். அதாவது தன் பாலினத்துக்கு முழுமையான பட்டம் தராத பல்கலைக்கழகத்தில் அவர் பத்து வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறார். இதற்கு மேல் “ஆணாதிக்கத்தை எதிர்கொண்ட வீராங்கனை” என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை, ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

குடும்பப் பின்னணிக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள், அதுவும் வேலையோடு ஒட்டினால் மட்டும். ராபின்சனின் அப்பா ராணுவ ஜெனரல். 1918இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, படைபலம் பற்றிப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் நாடாளுமன்றத்தில் தவறான தகவல் சொன்னார் என்று பத்திரிகைக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதி, அதனால் ராணுவ வேலையை இழந்தவர். பெரிய இடத்தோடு மோதும் பழக்கம் வீட்டிலேயே இருந்தது என்று காட்ட இது உதவும். பிறந்த ஊர், பள்ளி, உடன்பிறந்தார் எல்லாம் மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்துகொள்ளட்டும்.

அடுத்தது முக்கியமான வேலை, பெரும்பாலான இரங்கல்கள் தாண்டிப்போவதும் இதைத்தான். அவர் கேட்ட கேள்வியை, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அவருடைய கட்டுரையைத் திரும்பப் படியுங்கள், வேறு வழி இல்லை.

ராபின்சன் விஷயத்தில் இரண்டு கேள்விகளை எடுக்கலாம். முதலாவது எளிது. ஒரு ஊரில் விற்பவர் ஒருவரே இருந்தால் விலையை ஏற்றுவார், அது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர் ஒருவரே இருந்தால்? ஊரில் ஒரே ஆலை, வேலை தருவதும் அது ஒன்றுதான் என்றால், தொழிலாளி உண்டாக்கும் மதிப்பைவிடக் குறைவான கூலிக்கு அவரை வைத்துக்கொள்ள முடியும். 1933 புத்தகத்தில் இதற்கு மோனாப்சனி என்று பெயர் கொடுத்துக் கணக்காகவே போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி பற்றி இன்று நடக்கும் விவாதங்களிலும் இந்தக் கருத்து உயிரோடு இருக்கிறது. சந்தை சரியாக இருந்தால் கூலியும் சரியாக இருக்கும் என்று சொன்ன பாடப்புத்தகத்தை, அந்தப் புத்தகத்தின் சொந்தக் கருவிகளை வைத்தே மடக்கினார் என்பதுதான் இதில் ருசி.

இரண்டாவது கொஞ்சம் கஷ்டம், ஆனால் விட்டுவிடாதீர்கள். 1953–54இல் வந்த ஒரு கட்டுரையில் அவர் கேட்டது இது: உற்பத்திக்கு உழைப்பும் மூலதனமும் வேண்டும் என்று மாணவனுக்குச் சூத்திரம் எழுதிக் கொடுக்கிறீர்கள். உழைப்பை மணிநேரத்தில் அளக்கலாம். மூலதனத்தை எதில் அளப்பீர்கள்? டிராக்டரையும் தறியையும் உலையையும் கூட்ட வேண்டுமானால் பணமதிப்பில்தான் கூட்ட முடியும். அந்த மதிப்போ லாபவிகிதத்தைப் பொறுத்தது. லாபவிகிதம் எப்படி வருகிறது என்று கேட்டால் மூலதனத்தின் அளவைப் பொறுத்தது என்கிறீர்கள். அப்படியானால் எங்கேயிருந்து தொடங்குவது? மாணவன் இதைக் கேட்பதற்குள் அவனே பேராசிரியராகிவிடுகிறான், அந்த அரைகுறைப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போகிறது என்று ஒரு குத்தும் வைத்தார்.

இது ஏதோ கணக்குவாத்தியார் சண்டை இல்லை. மூலதனம் பங்களிக்கிறது, அந்தப் பங்களிப்புக்கான கூலிதான் லாபம் என்று சொல்லிவிட்டால், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அத்தோடு முடிந்துபோகும். அளக்கவே முடியாத ஒன்றின் பங்களிப்பை எப்படிச் சொல்வாய் என்று கேட்டதன் மூலம் கூலிக்கும் லாபத்துக்கும் இடையிலான பங்கீட்டை அவர் மறுபடி விவாதத்துக்கு இழுத்துவந்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இவரும் பியெரோ ஸ்ராஃபாவும், எம்.ஐ.டி. இருக்கும் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் பால் சாமுவேல்சனும் ராபர்ட் சோலோவும் என்று பல வருடம் போன சண்டையில், பாடப்புத்தகம் சொல்லும் எளிய கதை எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்ல முடியாது என்று 1966இல் சாமுவேல்சனே அச்சில் ஒப்புக்கொண்டார். அப்புறமும் பாடப்புத்தகங்கள் பெரிதாக மாறவில்லை. உங்கள் பேராசிரியர் ஜெயித்த சண்டைக்கும் இப்படி ஒரு பின்கதை இருக்கலாம், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மேற்கோள் போடுவதில் கவனம் தேவை. பொருளாதார நிபுணர்களிடம் ஏமாறாமல் இருக்கத்தான் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்ற ராபின்சனின் வரி இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அது டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அவர் ஆற்றி 1955இல் வெளியான உரைகளில் வருவது, மார்க்ஸ், கெய்ன்ஸுக்கு முந்தைய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்ஃபிரட் மார்ஷல், கெய்ன்ஸ் மூவரையும் ஒப்பிடும் இடத்தில். ஒவ்வொருவரின் கோட்பாட்டுக்குள்ளும் ஒரு அரசியல் சாய்வு உண்டு, அதைப் பிரித்துப் பார்த்துப் படியுங்கள் என்ற வாதத்தின் நடுவில். இந்தச் சூழலோடு சொன்னால் அது நகைச்சுவைத் துணுக்காக இல்லாமல் ஒரு படிப்புமுறையாகவே தெரியும். இன்னொரு வரி இன்னும் மோசமாகத் திரிகிறது: முதலாளிகளிடம் சுரண்டப்படும் துன்பம், சுரண்டவே ஆள் இல்லாத துன்பத்தின் முன்னால் ஒன்றுமில்லை என்று 1962 புத்தகம் ஒன்றில் எழுதினார். தென்கிழக்கு ஆசியாவிலும் கரீபியத்திலும் வேலையே கிடைக்காமல் கிடந்த மக்களை மனதில் வைத்துச் சொன்னதை, பார்த்தீர்களா முதலாளித்துவத்தை அவரே பாராட்டுகிறார் என்று எடுத்துப் போடுகிறார்கள். ஆகவே மேற்கோளுக்கு முந்தைய பத்தியையும் பிந்தைய பத்தியையும் படித்த பிறகே கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கம் கிடைக்காத மேற்கோளை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி எல்லோரும் தயங்கும் இடம். தவறுகள்.

ராபின்சன் 1964இல் வட கொரியா போய்வந்து, 1965 ஜனவரியில் மன்த்லி ரிவ்யூ என்ற அமெரிக்க இடதுசாரி இதழில் அதை ஒரு அதிசயம் என்று எழுதினார். வடக்கு வளர வளர, தெற்கு சீரழியச் சீரழிய, பொய்த்திரை கிழியும் என்றார். நடந்தது நேர்மாறு. 1969இல் சீனக் கலாச்சாரப் புரட்சியைப் பற்றி வந்த புத்தகத்திலும் அதிகாரபூர்வ ஆவணங்களை நம்பி, இரக்கத்தோடும் ஆர்வத்தோடும் எழுதினார். அந்தப் புரட்சியில் ஆசிரியர்கள் பட்ட பாட்டை இன்று படிக்கும் யாருக்கும் அந்தப் புத்தகம் உறுத்தும். இதை மறைத்தால் என்ன ஆகும்? கூட்டத்தில் பின்வரிசையில் இருக்கும் ஒருவர் எழுந்து கேட்பார், நீங்கள் முழிப்பீர்கள். அதைவிட நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் “காலத்தின் கட்டாயம்” என்று மழுப்பாமல், எதைப் பார்த்து அப்படி நினைத்தார் என்று சொல்லுங்கள். போரில் தரைமட்டமான வட கொரியா 1964இல் தொழில்துறையில் தெற்கைவிட முன்னே நின்றது என்பது உண்மை, அதை அவர் கண்ணால் பார்த்தார். காட்டப்பட்டதை மட்டும் பார்த்தார் என்பதும் உண்மை. மூலதனத்தை எதில் அளப்பாய் என்று சாமுவேல்சனை விடாமல் கேட்டவர், புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது என்று பியோங்யாங்கில் அதே வேகத்தில் கேட்கவில்லை. இதை எழுதுவதால் அவர் சிறுத்துப்போக மாட்டார் என்பது என் எண்ணம், புகழ்ச்சியை மட்டும் அடுக்கினால்தான் சிறுத்துப்போவார்.

இலங்கை விஷயம் இதற்கு எதிர்ப்பக்கம். 1950களின் கடைசியில் இலங்கையின் திட்டக்குழு உலகின் பெரிய பொருளாதார அறிஞர்கள் சிலரை அழைத்து அறிக்கை வாங்கியது. அதில் ராபின்சன், மரத்தை நடுவதற்கு முன்பே இலங்கை பழத்தை ருசித்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். மானிய அரிசியும் இலவசக் கல்வியும் மருத்துவமும் நல்லதுதான், உற்பத்தி வளராமல் எத்தனை நாளைக்கு என்பது அவர் கவலை. இடதுசாரி என்றால் இன்னதைத்தான் சொல்வார் என்று நாம் வைத்திருக்கும் கணக்கை இது உடைக்கிறது. அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த அமர்த்தியா சென்னோ பிற்பாடு, வருமானம் குறைவாக இருந்தும் பொதுச்செலவால் ஆயுளையும் எழுத்தறிவையும் உயர்த்திய நாடு என்று அதே இலங்கையைத்தான் உதாரணம் காட்டினார். ஆசிரியரும் மாணவரும் இப்படி எதிரெதிராக நிற்கும் ஒரு இடம் உங்கள் பேராசிரியருக்கும் இருக்கும். தேடிக் கண்டுபிடித்தால் கட்டுரையின் நடுப்பகுதி தானாக அமைந்துவிடும்.

அதற்காகவே, நினைவுகளைத் திரட்டும்போது செல்லப்பிள்ளைகளை மட்டும் கேட்காதீர்கள். அபார அறிவு, ஆனால் மாற்றுக்கருத்தைப் பொறுக்கவே மாட்டார் என்று ராபின்சனைப் பற்றி சென்னே எழுதியிருக்கிறார். 1960களில் அவரிடம் மாணவராகப் போன ஜோசப் ஸ்டிக்லிட்ஸுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, வேறு வழிகாட்டியிடம் மாறினார். இருவரும் பிற்காலத்தில் நோபல் வாங்கியவர்கள், சமத்துவமின்மை பற்றி நிறைய எழுதியவர்கள். உங்கள் பேராசிரியரிடம் சண்டைபோட்டு வேறு துறைக்குப் போனவர், சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர், விடைத்தாளில் அவரிடம் குறைந்த மதிப்பெண் வாங்கியவர், துறை அலுவலகத்தில் இருந்த ஊழியர், இவர்களில் ஒருவரிடமாவது பேசுங்கள். “சார் எப்படி?” என்று கேட்டால் “தங்கமான மனுஷன்” என்றுதான் பதில் வரும். “சார் உங்களோடு எதில் ஒத்துப்போகவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள்.

எளிமையைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். ராபின்சன் சைவ உணவுக்காரர், தோட்டத்துக் குடிசையில் தூங்குவார் என்பது படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் மூலதனத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நீளம் ஆயிரம் வார்த்தையைச் சுற்றி இருக்கட்டும். மேடையில் படிப்பதானால் பத்து நிமிடத்துக்குள் முடியும்படி வெட்டுங்கள், வெட்டும்போது முதலில் பட்டங்களையும் விருதுகளையும் வெட்டுங்கள், கேள்வியை வெட்டாதீர்கள்.

கட்டுரை ஒருபக்கம் இருக்க, அவசரமான வேலை ஒன்று உண்டு. ராபின்சனின் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருப்பதால்தான் யாரோடு என்ன பேசினார் என்று இன்றும் ஆராய முடிகிறது. நம் ஊரில் காரியம் முடிந்து வீட்டைக் காலிசெய்யும்போது அலமாரி மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேசி, பாடக்குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், சங்கத் துண்டறிக்கைகள், ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய புத்தகங்கள் இவற்றை ஒரு பெட்டியில் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கடிதங்களை வெளியிடுவதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திடமும், இலங்கை என்றால் இணையத்தில் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ நிறுவனத்திடமும் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் செல்போனிலாவது பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கோப்பின் பெயரில் ஆண்டையும் தலைப்பையும் போட்டு, இரண்டு மூன்று பேர் கையில் பிரதி இருக்கும்படி செய்யுங்கள்.