கார்டா, டவுன்லோடா? ஹேண்ட்ஹெல்ட் கேம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹேண்ட்ஹெல்ட் கேம், அதாவது கையில் பிடித்து ஆடும் கருவிக்கான கேம் என்றதுமே, கார்டாக வாங்குவதா டவுன்லோட் செய்வதா என்று ஒரு பழைய சண்டை கிளம்பிவிடும். கார்டு வாங்குபவர் கெட்டிக்காரர், டவுன்லோட் செய்பவர் ஏமாளி என்பது ஒரு கட்சி. கார்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய இதென்ன அந்தக் காலமா என்பது இன்னொரு கட்சி. காசு கொடுக்கும் நேரத்தில் இரண்டுமே உதவாது. ஒரே கருவியில் ஒரு கேமுக்குக் கார்டு பொருந்தும், அடுத்த கேமுக்கு டவுன்லோட்தான் லாயக்கு. எல்லாவற்றையும் ஒரே விதமாக வாங்குவது என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற பெரும்பாலான தவறுகள் அதன் வாரிசுகள்.

பெட்டி இருந்தால் கேமும் உள்ளே இருக்கும் என்று நம்புவது

இன்று கடையில் ஒரே அளவுப் பெட்டியில் நான்கு விதச் சரக்கு விற்கிறது. முழு கேமும் கார்டிலேயே இருப்பது ஒன்று. பாதி கார்டிலும் மீதி டவுன்லோடாகவும் வருவது இரண்டாவது. மூன்றாவதில் கார்டே கிடையாது. பெட்டியைத் திறந்தால் டவுன்லோட் கோட் அச்சடித்த ஒரு காகிதம்தான். நான்காவது, 2025 ஜூனில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவி வந்தபோது கூடவே வந்த கேம்-கீ கார்டு.

இந்த நான்காவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கேம்-கீ கார்டு பார்க்க அசல் கார்டு போலவே இருக்கும், கருவியில் அதேபோல் பொருந்தும். ஆனால் அதற்குள் கேம் இல்லை. டவுன்லோட் செய்யவும் திறக்கவும் அனுமதி மட்டும் இருக்கிறது. முதல் முறை திறக்க இன்டர்நெட் வேண்டும். அதன் பிறகு நெட் இல்லாமல் ஆடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கார்டு உள்ளே செருகியிருக்க வேண்டும். அதாவது, கார்டைச் சுமப்பதும் உங்கள் வேலை, ஸ்டோரேஜில் இடம் ஒதுக்குவதும் உங்கள் வேலை. ஒரே ஆறுதல், இதை இன்னொருவருக்கு விற்கலாம், இரவல் கொடுக்கலாம். கோட் காகிதத்தில் அதுவும் நடக்காது. ஒருமுறை பயன்படுத்தியதும் அந்தப் பெட்டி வெறும் பிளாஸ்டிக்தான். அதற்குப் பதிலாக நேரே ஆன்லைன் ஸ்டோரிலேயே வாங்கிவிடலாம், அலமாரியில் இடமாவது மிச்சம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கேம்-கீ கார்டு என்றால் பெட்டியின் முன்பக்கம் அடியில், சாவிப் படத்தோடு ஒரு பட்டை இருக்கும். பாதி டவுன்லோட் வகையில், இன்டர்நெட் டவுன்லோட் தேவை என்று முன்பக்கமே அச்சடித்திருப்பார்கள். இவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்ற விவரத்தையும் பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள், ஏனென்றால் விற்பவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைத் தலைப்பில் எழுதுவதில்லை.

கேமை முழுதாகக் கார்டில் போடாததற்குக் காரணம் செலவு. பழைய ஸ்விட்சின் கார்டுகள் 1 ஜிபியிலிருந்து 32 ஜிபி வரை பல அளவில் வந்தன. அளவு கூடினால் விலையும் கூடும், அந்த விலை வெளியீட்டாளர் தலையில் விழும். சிறிய கார்டைப் போட்டு மீதியை டவுன்லோடில் தள்ளிவிட்டால் அவருக்கு மிச்சம்.

முழு கேமும் கார்டில் இருந்தாலும் இன்னொரு விஷயம் உண்டு. கார்டில் இருப்பது அது அச்சான நாளின் பதிப்பு. பிறகு வரும் அப்டேட்கள் எல்லாம் கருவியின் நினைவகத்தில்தான் இறங்கும், கார்டில் ஒன்றும் மாறாது. வெளியான அன்றே பெரிய அப்டேட் வரும் கேம்களை, கார்டு இருக்கிறதே என்று பல வருடம் கழித்துத் தூசி தட்டி எடுத்தால், அன்று அப்டேட் கிடைக்காவிட்டால், பிழைகள் நிறைந்த முதல் பதிப்பைத்தான் ஆட வேண்டியிருக்கும்.

மெமரி கார்டு கணக்கில் கோட்டை விடுவது

டிஜிட்டல் பக்கம் போகிறவர்கள் கேமின் விலையைப் பார்ப்பார்கள், இடத்தின் விலையைப் பார்க்க மாட்டார்கள். முதல் ஸ்விட்சிலும் ஸ்விட்ச் லைட்டிலும் உள் நினைவகம் 32 ஜிபி. சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக சுமார் 25 ஜிபிதான் மிஞ்சும். பெரிய கேம் ஒன்று சுமார் 16 ஜிபி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது கேமுக்கே இடம் இருக்காது. ஸ்விட்ச் ஓஎல்இடி மாடலில் 64 ஜிபி, ஸ்விட்ச் 2இல் 256 ஜிபி.

ஸ்விட்ச் 2க்கு மாறுகிறவர்கள் பழைய மைக்ரோஎஸ்டி கார்டையே செருகி ஏமாறுவது உண்டு. கேம்களைச் சேமிக்க அதற்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். பழைய கார்டிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பெட்டியில் எக்ஸ்பிரஸ் என்ற சொல்லைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது போலி மெமரி கார்டு. கருவியில் 512 ஜிபி என்று காட்டும், உள்ளே உண்மையில் அதில் ஒரு சிறு பகுதிதான் இருக்கும். முதல் சில கேம்கள் ஒழுங்காக ஓடும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் பழைய டேட்டாவின் மேலேயே புதியது எழுதப்பட்டு, டேட்டா கெட்டுவிட்டது என்ற எச்சரிக்கை வரத் தொடங்கும். பலர் இதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் செருகி, விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகலாம், இரவில் ஓடவிடுங்கள். பிழை இல்லை என்று வந்த பிறகு கருவியிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

ஒரு ஸ்விட்சில் கேமை டவுன்லோட் செய்த மெமரி கார்டைக் கழற்றி இன்னொரு ஸ்விட்சில் போட்டால் கேம் ஓடாது. அந்தக் கோப்புகள் இறக்கிய கருவிக்கு மட்டுமே உரியவை. இரண்டாவது கருவியில் மறுபடி டவுன்லோட் செய்துதான் ஆக வேண்டும்.

சேவ் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விற்பது

கார்டு கையில் இருந்தால் ஆடிய ஆட்டமும் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை, நின்டெண்டோவின் பழைய கருவிகளான கேம் பாய், டிஎஸ் காலத்து மிச்சம். அப்போது சேவ், அதாவது எதுவரை ஆடினோம் என்ற பதிவு, கார்ட்ரிட்ஜிலேயே (அன்றைய கேம் கார்டு) இருந்தது. ஸ்விட்சில் அப்படி இல்லை. கார்டு வாங்கினாலும் டவுன்லோட் செய்தாலும் சேவ் கருவியின் உள் நினைவகத்தில்தான். மைக்ரோஎஸ்டியில்கூடப் போகாது. கார்டுகளை வைத்துக்கொண்டு கருவியை மட்டும் விற்றால், நூறு மணி நேர ஆட்டமும் வாங்கியவரோடு போய்விடும். சிஸ்டம் செட்டிங்கில் டேட்டா நிர்வாகப் பகுதிக்குள் சேவ் கோப்பை இன்னொரு கருவிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அது நகல் எடுப்பதில்லை, மாற்றுகிறது. அனுப்பிய கருவியில் சேவ் மிஞ்சாது.

நின்டெண்டோவின் கட்டணச் சந்தா வைத்திருந்தால் கிளவுடில் சேவ் ஏறும். ஆனால் எல்லா கேமுக்கும் இல்லை. ஸ்பிளட்டூன் 2, போக்கிமான் ஸ்வோர்ட், ஷீல்ட் போன்றவை அந்தப் பட்டியலில் கிடையாது. சந்தா முடிந்துபோனால் கிளவுடில் இருப்பது 180 நாள் வரைதான் காப்பாற்றப்படும்.

பழைய கார்ட்ரிட்ஜ் வாங்குபவர்களுக்கு வேறு சிக்கல். கேம் பாய் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் சேவ் பதிவைத் தாங்குவது ஒரு பட்டன் பேட்டரி, கேமைப் பொறுத்து சிஆர்1616 அல்லது சிஆர்2025. பேட்டரி தீர்ந்தால் சேவ் அழியும். அதை மாற்றப் பழையதைக் கழற்றினாலும் அழியும், ஆகவே முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் சேவ் பதிவை நகலெடுத்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டும். போக்கிமான் கோல்ட், சில்வரில் அதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்டுவதால் சீக்கிரம் தீரும். ஆனால் போக்கிமான் ரூபி, சஃபையரில் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். அங்கே பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்; சேவ் ஃபிளாஷ் சிப்பில் பத்திரமாக இருக்கும், நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் மட்டும் நின்றுபோகும். இந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு நல்ல கார்ட்ரிட்ஜை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரீஜனைக் கவனிக்காதது

ரீஜன் என்பது கேம் எந்த நாட்டுச் சந்தைக்கானது என்பது. ஸ்விட்சில் எந்த ரீஜன் கார்டும் ஓடும், நின்டெண்டோவின் பழைய 3டிஎஸ் கருவியில் அப்படி ஓடாது. ஓடும் கருவியிலும் கூடுதல் கன்டென்ட் (டிஎல்சி) வாங்கும்போது மாட்டிக்கொள்ளலாம்: ஒரு ரீஜன் கார்டுக்கு வேறு ரீஜன் ஸ்டோரில் வாங்கிய டிஎல்சி பொருந்தாமல் போகலாம். டிஎல்சி அதிகம் வரும் கேம் என்றால், உங்கள் அக்கவுண்ட் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த ரீஜனின் கார்டையே வாங்குங்கள். சோனியின் ஹேண்ட்ஹெல்டான பிளேஸ்டேஷன் வீட்டாவில் இது இன்னும் கடுமை. ஒரு கருவிக்கு ஒரு அக்கவுண்ட்தான், மாற்ற வேண்டுமானால் கருவியையே ரீசெட் செய்ய வேண்டும்.

டிஜிட்டலை இரவல் கொடுக்க முடியாது என்று இன்னும் நினைப்பது

2025 ஏப்ரல் முதல் ஸ்விட்சில் டவுன்லோட் கேம்கள் விர்ச்சுவல் கேம் கார்டு என்ற கணக்கில் வருகின்றன. ஃபேமிலி குரூப்பில் இருப்பவருக்கு ஒரு கேமை 14 நாள் கடன் கொடுக்கலாம். ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கடன் வாங்க முடியும், கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் அருகருகே இருக்க வேண்டும், அந்த நாட்களில் உங்களால் அதை ஆட முடியாது. குடும்பத்துக்குள் சரி. வெளியாட்களுக்குக் கொடுப்பதோ விற்பதோ நடக்காது.

ஸ்டோர் மூடும் வரை காத்திருப்பது

நின்டெண்டோவின் டிஎஸ்ஐ கருவிக்கான ஸ்டோர் 2017 மார்ச்சில் மூடியது. 3டிஎஸ்ஸின் ஆன்லைன் ஸ்டோரான ஈஷாப்பில் 2023 மார்ச் 27இல் விற்பனை நின்றது. பொதுவாக முதலில் விற்பனை நிற்கும், ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கும் வசதி அதன் பிறகும் சில காலம் ஓடும். 3டிஎஸ்ஸில் கேம் வாங்கி வைத்திருப்பவர்கள் அந்த வசதி இருக்கும்போதே எல்லாவற்றையும் அப்டேட்களோடு இறக்கி, எஸ்டி கார்டைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கார்டு பக்கமும் முழுப் பாதுகாப்பு இல்லை. 3டிஎஸ்ஸின் ஆன்லைன் ஆட்டங்களில் பெரும்பாலானவை 2024 ஏப்ரலில் நின்றபோது, அவற்றையே நம்பியிருந்த கேம்களின் கார்ட்ரிட்ஜ்களும் பாதி உயிரை இழந்தன. ஆன்லைனில் மட்டும் ஆடக்கூடிய கேமுக்குக் கூடுதல் காசு கொடுத்துக் கார்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை.

பழைய கார்டைச் சோதிக்காமல் வாங்குவது

கேம் பாயின் வாரிசான கேம் பாய் அட்வான்ஸின் புகழ்பெற்ற கேம்களுக்குப் போலிகள் கொட்டிக் கிடக்கின்றன. அசல் கார்ட்ரிட்ஜின் லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் தெரியும். கீழே முனைகள் இருக்கும் பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் போர்டில் நின்டெண்டோ என்ற எழுத்து இருக்கும். போலியில் ஆட்டம் நன்றாகவே ஓடலாம். சேவ் செய்து, அணைத்து, சில நிமிடம் கழித்துத் திறந்து பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கார்டு படிக்கவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு, முனைகளின் நீளவாக்கில் துடையுங்கள். சில நிமிடம் காய்ந்த பிறகே செருகுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஸ்விட்ச் கார்டு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளச் சான்று உண்டு. முந்தைய உரிமையாளர் அதை நகலெடுத்துப் பயன்படுத்தியிருந்தால், ஒரே அடையாளம் இரண்டு இடத்தில் ஆன்லைனில் தெரிந்து, ஒன்றுமறியாத உங்கள் கருவியின் ஆன்லைன் சேவை முடக்கப்படலாம். அதனால் பழைய கார்டு வாங்கும்போது ரசீதையும், விற்றவருடன் பேசிய உரையாடலையும், கார்டின் முன்பின் படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். முடக்கத்தை நீக்கச் சொல்லி முறையிடும்போது காட்ட அவைதான் இருக்கும்.

எதை எப்படி வாங்குவது

கதையை ஒருமுறை முடித்துவிட்டு வைத்துவிடும் பெரிய கேம்களைக் கார்டில் வாங்கினால், ஆடி முடித்து விற்கலாம்; விலை குறையும் முன் விற்பது உத்தமம். தினமும் பத்து நிமிடம் எடுத்து ஆடும் புதிர், ரேசிங் போன்றவற்றை டவுன்லோட் செய்யுங்கள், கார்டில் வாங்கினால் அதை மாற்றும் சோம்பேறித்தனத்தில் அவை தொடப்படாமலே போகும். சிறு குழுக்கள் உருவாக்கும் சின்ன இண்டி கேம்களும் அப்படித்தான், அடிக்கடி அப்டேட் வரும், தள்ளுபடியும் ஆன்லைனில்தான் அதிகம். கம்ப்யூட்டர் கேம்களை ஓட்டும் ஹேண்ட்ஹெல்டான ஸ்டீம் டெக்கில் இந்தக் கேள்வியே எழாது, எல்லாம் டிஜிட்டல்.

பிடிக்குமா என்று சந்தேகமான கேம் என்றால், திருப்பிக் கொடுக்கும் விதியைப் பார்த்து முடிவெடுங்கள். ஸ்டீம் ஸ்டோரில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டவுன்லோடைத் தொடங்கியிருக்கக் கூடாது. நின்டெண்டோ ஸ்டோரில் பொதுவாகத் திரும்பாது, அங்கே டெமோ இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். பல டெமோக்களில் ஆடிய சேவ், முழு கேம் வாங்கியதும் அப்படியே தொடரும்.