நின்றுபோன நகல், நிரம்பிய வட்டு: என் அனுபவம்

காரைக்குடியில் ஆத்தங்குடிப் பூக்கல் விற்கும் கடை ஒன்றின் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் பராமரித்து வருகிறேன். அதன் மாற்றங்களைப் பெற்று அப்படியே படியெடுத்து வைக்கும் நகல் சர்வர் தேவகோட்டைக் கிளையில் இருக்கிறது. அந்த நகல் பழுதாகி ஒன்பது நாள் நின்றிருந்ததை நான் அறியவில்லை. பத்தாம் நாள் காலையில் கடையின் முதன்மைச் சர்வரின் வட்டு 94 சதவீதம் நிரம்பியிருந்தது.

காரணம், ரெப்ளிகேஷன் ஸ்லாட். அது, தரவுத்தள மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டபிள்யூ.ஏ.எல். கோப்புகளில் நகல் இன்னும் பெற்றுக்கொள்ளாதவற்றை, வழக்கமாக ஒவ்வொன்றும் 16 எம்.பி. அளவுள்ளவற்றை, எத்தனை நாளானாலும் அழியாமல் காத்து வைக்கும் ஏற்பாடு. இயல்பமைப்பில் அதற்கு வரம்பே கிடையாது.

"அந்தக் கோப்புகளை நாமே அழித்துவிடலாமா, தம்பி?" என்று கடையை நடத்தும் ஆச்சி கேட்டார். "வேண்டாம் ஆச்சி, கையால் அழித்தால் தரவுத்தளமே எழாமல் போகலாம்" என்றேன். செயலற்றிருந்த ஸ்லாட்டை நீக்கி, இனித் தேவைப்படாத கோப்புகளைத் தரவுத்தளமே அகற்றும்படி செக்பாயின்ட் கட்டளை கொடுத்ததும் இடம் மீண்டது. நகலைப் புதிதாகக் கட்டினேன்.

பிறகு, 2020இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 13ஆம் பதிப்பு முதல் கிடைக்கும், ஸ்லாட் காத்து வைக்கும் கோப்புகளுக்கு வரம்பிடும் 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' அமைப்பை 20 ஜி.பி. என வைத்தேன், அதற்குச் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, அமைப்புக் கோப்பை மறுபடி ஏற்றினால் போதும். வரம்பு மீறினால் ஸ்லாட் செல்லாததாகி, நகலை மறுபடி கட்ட நேரும். விற்பனை நிற்பதைவிட அது மேல் என்றே கருதுகிறேன். ஸ்லாட்டின் நிலை 'அன்ரிசர்வ்டு' (அதற்குத் தேவையான கோப்புகள் விரைவில் அழியக்கூடும்) என மாறுகிறதா என்று இப்போது நாள்தோறும் பார்க்கிறேன்.