குறும்படத்தின் முதல் ஒன்றரை நிமிடம்: போனில் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஊடகக் கற்கை படிக்கிற எங்களுக்கு வந்த ஒப்படை இது: முழுப்படம் வேண்டாம், ஒரு குறும்படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டு வளவில் ஒரு போன், ஒரு காலர் மைக், ஒரு பழைய சைக்கிள், இவ்வளவையும் வைத்து எடுத்தோம். எடுத்த முறையை வரிசையாக எழுதுகிறேன். முதல்தடவையாகப் படம் எடுக்கிறவர்களுக்காக எழுதுவதால், கடன்பட்டு வாங்கவேண்டிய கருவி எதுவும் இதில் வராது.

1. ஒரு கேள்வியைத் தெரிவுசெய்யுங்கள்

தொடக்கம் முடிகிறபோது பார்க்கிறவரின் மனதில் ஒரு கேள்வி நிற்கவேண்டும். ஒன்றுதான். எங்கள் கதை சின்னது. விடியமுன் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அம்மம்மாவுக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். எங்கே போகிறாள்?

முதலில் எழுதிய வடிவத்தில் சைக்கிள் கரியரில் ஒரு உரப்பையும் கட்டியிருந்தது. பை இருந்தால் அதற்குள் என்ன என்று இன்னொரு கேள்வி கிளம்பும். பார்க்கிறவர் பிள்ளையை விட்டுவிட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பையை எடுத்துவிட்டோம். நீங்களும் எழுதியதை ஒருதரம் வாசித்து, எத்தனை கேள்வி எழுகிறது என்று பாருங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த காட்சிக்குத் தள்ளுங்கள்.

2. ஊரைக் காட்டுவதை விட்டு ஆளைக் காட்டுங்கள்

வன்னியில் படம் எடுக்கிறோம் என்றதும் எல்லோர் தலையிலும் ஓடுவது இரணைமடுக் குளத்துக்கு மேலே பறக்கிற ட்ரோன், ஏ-9 வீதியில் போகிற பஸ், சன்னம் துளைத்த சுவர். எங்கள் குழுவிலும் ட்ரோன் பேச்சு வந்தது. கையில் காசில்லாதது நல்லதாகப் போயிற்று. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளம் வடக்கிலேயே பெரியது, எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் அழகாகத்தான் வரும். ஆனால் இது யாருடைய கதை என்று அந்த அழகு சொல்லாது. அத்தோடு ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அனுமதிக்கு அலையவேண்டும்.

சுவரைப் பற்றி என் எண்ணம் கொஞ்சம் கடுமையானது. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஓ.எல்., ஏ.எல். வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் களவாகப் போகிற இடங்கள், சோதனைப் பயம், சிநேகிதம், கோபம் எல்லாம் உண்டு. யுத்தத்தைச் சொல்லவேண்டிய கதையென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அப்போதும் ஒரு ஆள் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிற இடத்தில் தொடங்குங்கள். உடைந்த சுவரைக் காட்டி அனுதாபம் வாங்குவது குறுக்குவழி.

3. பார்க்கிறவருக்கு முதலில் விளங்கவையுங்கள்

முழுச் செய்முறையிலும் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இந்த இடத்தில்தான்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் பின்சில்லிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வரும். பெடல் சுற்றாமல் சில்லு மட்டும் முன்னால் சுற்றும்போது ஃப்ரீவீலுக்குள் இருக்கிற பல்லு தட்டுகிற சத்தம் அது. பகலில் யாரும் கவனிக்கமாட்டார்கள். விடியமுன் விறாந்தையில் ஆள் படுத்திருந்தால் அது பெரிய சத்தம். சத்தம் வராமல் போக ஒரு வழி, கரியரைப் பிடித்துப் பின்சில்லை நிலத்திலிருந்து தூக்கிக்கொண்டு, முன்சில்லில் மட்டும் உருட்டுவது. களவாகச் சைக்கிள் எடுத்த எல்லோருக்கும் இது தெரியும்.

களவாக எடுக்காதவருக்கு? பிள்ளை சில்லைத் தூக்குவதை நேரடியாகக் காட்டினால், சைக்கிள் பழுதாக்கும் என்று நினைப்பார். அதனால் வரிசை இப்படி இருக்கவேண்டும். பிள்ளை ஸ்டாண்டைக் காலால் மெல்லத் தட்டுகிறாள். ஓரடி உருட்டுகிறாள். டிக், டிக். சாக்குக் கட்டிலில் அம்மம்மாவின் கால்விரல் அசைகிறது. பிள்ளை நிற்கிறாள். கை ஹாண்டிலை விட்டுக் கரியருக்குப் போகிறது. சில்லு மண்ணை விட்டு இரண்டங்குலம் எழும்புகிறது. சத்தம் இல்லை.

ஒரு வசனமும் இல்லாமல் அவள் யாருக்குப் பயப்படுகிறாள், எவ்வளவு கெட்டிக்காரி, இது அவளுக்குப் பழக்கமான வேலை என்று மூன்று செய்தி போய்விடும். உங்கள் கதையில் சைக்கிள் இல்லாமல் இருக்கலாம். குசினிக் கதவுக் கொண்டியாக இருக்கலாம், போனின் வெளிச்சமாக இருக்கலாம். ஆபத்து என்னவென்று முதலில் காட்டுங்கள், அப்புறம் ஆள் அதிலிருந்து தப்புகிற வித்தையைக் காட்டுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் வித்தை வீண்.

4. ஷொட்களை எழுதுங்கள், திசையைக் கீறுங்கள்

கொப்பியில் பெட்டி பெட்டியாகக் கீறினால் போதும், சித்திரம் தெரியத் தேவையில்லை. எங்கள் பட்டியல்:

கறுப்புத் திரை, மின்விசிறிச் சத்தம் மட்டும்.
ஸ்டாண்டில் பிள்ளையின் கால், கிட்டத்தில்.
உருளுகிற பின்சில்லு, கிட்டத்தில்.
அம்மம்மாவின் கால்விரல்.
கரியரைப் பிடிக்கிற கை, எழும்புகிற சில்லு.
வளவு முழுவதும் தெரிகிற தூர ஷொட்; பிள்ளை சின்னதாகக் கடந்து போகிறாள்.
தகரப் படலையின் கம்பி வளையத்தைக் கழற்றுகிற விரல்கள்.
ஒழுங்கையில் ஏறி மிதித்துப் போகிற முதுகு.
அம்மம்மாவின் முகம். கண் திறந்திருக்கிறது.
படத்தின் பெயர்.

கடைசிக்கு முந்தியதைக் கவனியுங்கள். அம்மம்மா நித்திரை இல்லை. பிள்ளைக்குத் தெரியாத ஒன்று இப்போது பார்க்கிறவருக்குத் தெரியும். எங்கே போகிறாள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் அதைக் கேட்க இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.

திசை விஷயம் கட்டாயம். வீட்டிலிருந்து படலை வரைக்கும் தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கமரா எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கம் நிற்கவேண்டும். எங்கள் படத்தில் பிள்ளை எல்லா ஷொட்டிலும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறாள். நடுவில் ஒரு ஷொட்டை மற்றப் பக்கம் நின்று எடுத்தால், அவள் மனம் மாறி வீட்டுக்குத் திரும்புவது போலத் தெரியும்.

5. விடியலை மாலையில் எடுங்கள்

விடியமுன் காட்சி என்பதற்காக நான்கு மணிக்குக் குழுவைக் கூட்டவேண்டியதில்லை. காட்டோரக் கிராமங்களில் அந்த நேரம் யானை நடமாடுகிற நேரமும்கூட. பள்ளிக்கூடப் பிள்ளையை ஒழுங்கையில் சைக்கிள் ஓடவிடுவது புத்தியல்ல. சூரியன் விழுந்த பிறகு வருகிற நீல வெளிச்சமும் விடியமுன் வருகிற நீல வெளிச்சமும் கமராவுக்கு ஒன்றுதான். வானத்தில் சிவப்பு மிச்சம் தெரியாமல் கமராவைக் கிழக்குப் பக்கம் திருப்பி வையுங்கள்.

ஒரு சிக்கல்: எங்கள் பக்கம் அந்தி கெதியில் முடிந்துவிடும். சூரியன் மறைந்து ஏறக்குறைய இருபது நிமிடம்தான் பயன்படும் வெளிச்சம். ஆகவே பின்னேரமே எல்லா அசைவையும் ஒத்திகை பாருங்கள், கமரா வைக்கிற இடங்களில் கல் வைத்து அடையாளம் போடுங்கள். வெளிச்சம் வந்ததும் தூர ஷொட்டையும் ஒழுங்கை ஷொட்டையும் முதலில் எடுங்கள். வானம் தெரியாத கிட்ட ஷொட்களை இருட்டிய பிறகும் எடுக்கலாம்: குசினிக்குள் ஒரு பல்பைப் போட்டு, முற்றத்தில் ஒரு ரெஜிபோம் பலகையை நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் சரி.

மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. திட்டம் போட்டு எடுப்பது கஷ்டம். சோளகம் வீசுகிற மாதங்களில் வானம் வெளித்திருக்கும், ஆனால் காற்று மைக்கைக் கொன்றுவிடும்.

6. போனில் மாற்றவேண்டியவை

போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வராது. செக்கனுக்கு 25 படம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழுகிற நேரம்) 1/50 செக்கன். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்தால் வீட்டு லைட் படத்தில் துடிக்காது. போனில் 30 படம் மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை, ஷட்டரை மட்டும் 1/50 இல் வையுங்கள். போனோடு வருகிற கமராவில் இதெல்லாம் மாற்ற முடியாவிட்டால் ஓப்பன் கமரா, பிளாக்மேஜிக் கமரா போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன.

வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறம் நீலமாகவா மஞ்சளாகவா வரும் என்ற அமைப்பு) 4000 கெல்வின் அளவில் பூட்டினால் வெளியே நீலமாகவும் குசினிப் பல்பு மஞ்சளாகவும் வரும். பூட்டாமல் விட்டால் போன் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். வெளிச்ச அளவையும் ஃபோக்கஸையும் அதேபோலப் பூட்டுங்கள். சூம் வேண்டாம், நடந்து கிட்டப் போங்கள். முக்காலி இல்லாதவர்கள் பிளாஸ்டிக் கதிரையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து அதில் போனை அழுத்தி நிறுத்தினால் அசையாது.

7. சத்தத்தைத் தனியே எடுங்கள்

எங்கள் தொடக்கத்தில் கதையைச் சொல்வதே சத்தம்தான், ஆனால் படம் எடுத்த மாலையில் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அதனால் படத்தோடு வந்த சத்தத்தை ஒன்றும் பாவிக்கவில்லை. அறைக்குள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, காலர் மைக்கைப் பின்சில்லுக்குக் கிட்டப் பிடித்து, சில்லைச் சுற்றிவிட்டு டிக் டிக்கைப் பதிந்தோம். மெல்லச் சுற்றியது, வேகமாகச் சுற்றியது, திடீரென்று கையால் நிறுத்தியது, மூன்றையும் எடுத்துவையுங்கள்.

பிறகு உண்மையான விடியலில், வீட்டு விறாந்தையிலேயே போனை வைத்து ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பதியுங்கள். இது எல்லா ஷொட்டுக்கும் அடியில் ஓடுகிற சத்தம். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் காது தடக்கும். எங்களுக்கு அந்தப் பதிவில் தூரத்து மயிலும் ஒரு ஆட்காட்டிக் குருவியும் கிடைத்தன. ஆட்காட்டி கத்தினால் வெளியில் ஆள் நடமாட்டம் என்று வன்னியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதைப் படலை ஷொட்டில் போட்டோம்.

காற்றுக்கு மைக்கில் ஒரு தடித்த மேஸை (காலுறையை) மாட்டுங்கள். கழுவியது.

8. ஆட்களும் அனுமதியும்

அம்மம்மாவாக நடித்தவர் பக்கத்து வளவுக்காரர்.

"நான் சும்மா படுத்தால் போதுமோ பிள்ளை?"

"ஓம் அம்மம்மா. நாங்கள் சொன்னதும் கண்ணை மட்டும் திறவுங்கோ."

இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கோபமாகப் பாருங்கோ, கவலையாகப் பாருங்கோ என்று சொல்லியிருந்தால் நடித்திருப்பார். சொல்லாததால் மேலே கூரையைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் பார்க்கிறவர் வேண்டியதை நிரப்பிக்கொள்வார்.

வீட்டுக்காரரிடமும் நடிக்கிற பிள்ளையின் பெற்றோரிடமும் முன்னமே கேளுங்கள், படத்தை எங்கே காட்டப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். படைமுகாம் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை கண்ட காணிக்குள் எந்த ஷொட்டுக்காகவும் கால் வைக்காதீர்கள்.

9. வெட்டு

கப்கட் செயலி போதும், கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு. அசைவு நடக்கும்போதே வெட்டுங்கள்: கை கரியரை நோக்கிப் போகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, அடுத்த ஷொட்டில் கை பிடிக்கிறது. கண் திறந்திருக்கிற ஷொட்டை நினைத்ததை விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். அந்த இடத்தில் இசை போட எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம்.

தமிழில் பெயர் போடும்போது ஒரு தலையிடி வரும். சில எடிட்டிங் செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' உடைந்து விழும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, யூனிகோட் எழுத்து ஒழுங்காக வருகிற ஏதாவது ஒன்றில் பெயரை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து உள்ளே போடுவது. மற்றது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டுவது, அது உடையாது. எழுத்தைச் சின்னதாக, ஒரு ஓரத்தில் வையுங்கள். நெருப்புப் பிடிக்கிற எழுத்து, பறந்து வருகிற எழுத்தெல்லாம் கலியாண வீடியோவோடு நிற்கட்டும்.

1920×1080 அளவில், எடுத்த அதே வேகத்தில் வெளியே எடுங்கள். எடுத்த கோப்புகளை போனிலிருந்து அழிக்கமுதல் வேறு இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.

10. காட்டிக் கேளுங்கள்

கதை தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். நல்லாயிருக்கா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்பார்கள். "இனி என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். எங்களுக்கு "ரியூஷனைக் கட் அடிச்சுட்டுப் போறாள்", "ஆரையோ சந்திக்கப் போறாள்", "அம்மம்மாதான் அனுப்பியிருப்பா" என்று வந்தது. பதில்கள் வேறுபட்டாலும் எல்லோரும் அவள் போகிற இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள், அதனால் வெட்டை அப்படியே விட்டோம். உங்களுக்கு "அந்தச் சைக்கிளுக்கு என்ன பழுது?" என்று பதில் வந்தால், மூன்றாவது படிக்குத் திரும்பிப்போய் அந்த முதல் டிக் டிக்கை இன்னும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.