ஹையானிஸ் போகிறீர்களா? கென்னடி வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் கேப் காட் தீபகற்பத்துக்குக் கிளம்புகிற பலரும் ஜிபிஎஸ்ஸில் முன்னாள் ஜனாதிபதி ஜான் கென்னடி குடும்பத்தின் வீட்டைப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். முதல் தவறு அதுதான். அங்கே ஹையானிஸ் வேறு, ஹையானிஸ் போர்ட் வேறு. கடைத்தெரு, ஹோட்டல், படகுத்துறை எல்லாம் இருப்பது ஹையானிஸில். கொஞ்ச தூரம் தள்ளி, வீடுகளைத் தவிர பெரிதாக எதுவும் இல்லாத பகுதி ஹையானிஸ் போர்ட். ஜோசப் கென்னடி 1928-ல் வாங்கிய பெரிய வீடும், பக்கத்திலேயே மகன்கள் ஜான், ராபர்ட் வாங்கிய வீடுகளும் அங்கேதான். 1972-லேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்களே, அப்படியென்றால் உள்ளே விடுவார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. விட மாட்டார்கள், அவை தனியார் வீடுகள். தெருவில் நின்று எட்டிப் பார்த்தால் வேலியும் மரமும் கொஞ்சம் கூரையும் தெரியும், அக்கம்பக்கத்தாரின் முறைப்பும் கிடைக்கும்.

பார்த்தே தீர வேண்டும் என்றால் கடல் வழியாகப் போங்கள். ஹையானிஸ் துறையிலிருந்து கோடையில் கிளம்பும் சுற்றுலாப் படகுகள் தூரத்திலிருந்து அந்த வீடுகளைக் காட்டும், தெருவை விட அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

என்னைக் கேட்டால் வீட்டை விட ஊருக்குள்தான் விஷயம் அதிகம். 1960 ஜனாதிபதி தேர்தல் இரவை ஜான் கென்னடி ஹையானிஸ் போர்ட்டில் அந்த வீடுகள் இருக்கும் வளாகத்தில்தான் கழித்தார், ஆனால் மறுநாள் ஜெயித்தவராக நாட்டு மக்களிடம் பேசியது ஹையானிஸ் ஊருக்குள் சவுத் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஆர்மரி என்ற படைக்கலக் கட்டடத்தில். குடும்பத்தார் வழிபட்ட செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் தேவாலயமும் அதே தெருதான். மெயின் ஸ்ட்ரீட்டில் கென்னடி அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம், காரை ஒரு இடத்தில் போட்டால் போதும். ஒன்று மட்டும், பாஸ்டனில் இருக்கும் கென்னடி நூலகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜனாதிபதி ஆவணங்கள், அவருடைய 'விக்டுரா' பாய்மரப் படகு எல்லாம் அங்கே. ஹையானிஸில் இருப்பது சின்னது, அவர் இங்கே கழித்த நாட்களின் புகைப்படங்கள்தான் முக்கியம். குளிர்காலத்தில் போகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது கிழமை. கேப் காட்டைப் பிரிக்கும் கால்வாயைத் தாண்டி உள்ளே நுழைய கார்களுக்கு இருப்பது சாகமோர், போர்ன் என்று இரண்டே பாலங்கள், இரண்டும் 1935-ல் திறந்தவை. கோடையில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கை மாறும் என்பதால் காலி செய்கிறவர்களும் குடியேறுகிறவர்களும் ஒரே நேரத்தில் பாலத்தில் வந்து நிற்பார்கள். வெள்ளி மாலை, சனி பகல், ஞாயிறு மதியத்துக்கு மேல் திரும்புவது, இந்த மூன்றையும் தவிர்த்தாலே பாதி நிம்மதி. வார இறுதிதான் முடியும் என்றால் கோடையில் பாஸ்டன் சவுத் ஸ்டேஷனிலிருந்து கேப்ஃப்ளையர் ரயில் விடுகிறார்கள், அதைப் பாருங்கள்.

கடற்கரை விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். படங்களில் பார்த்த மணல்மேடும் பெரிய அலையும் ஹையானிஸில் கிடையாது. 1961-ல் கென்னடி கையெழுத்துப் போட்டு உருவான கேப் காட் தேசியக் கடற்கரை கிழக்கே ஈஸ்ட்ஹாம், வெல்ஃப்ளீட் பக்கம் இருக்கிறது, தண்ணீர் நடுங்க வைக்கும், வெள்ளைச் சுறாவும் உண்டு, எச்சரிக்கைக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். ஹையானிஸ் பக்கம் இருப்பது நான்டக்கெட் சவுண்ட் என்ற கடல்பகுதி, தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு, அலை சின்னது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. சீசனில் பார்க்கிங்குக்குக் காசு உண்டு, வெயில் நாளில் பதினோரு மணிக்குப் போய் இடம் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் தீவுப் பயணம். ஹையானிஸிலிருந்து காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்ட் போகலாம் என்று வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து கார் ஏற்றுவது நான்டக்கெட்டுக்கு மட்டும், வின்யார்டுக்கு ஆட்கள் மட்டும்தான் போக முடியும். வின்யார்டுக்குக் காரோடு போக வுட்ஸ் ஹோல் என்ற படகுத்துறைக்குப் போக வேண்டும். எந்தத் தீவாக இருந்தாலும் கோடையில் காருக்கான இடம் மாதக்கணக்கில் முன்னாடியே தீர்ந்துவிடும், அதனால் காரைக் கரையில் விட்டுவிட்டு அங்கே போய் சைக்கிளோ பஸ்ஸோ எடுத்துக்கொள்ளுங்கள்.