புது மரைன் டேங்கும் பழுப்புத் தூசியும்: நான் செய்த, நீங்கள் தவிர்க்கக்கூடிய தவறுகள்

மரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன்தொட்டி, வைத்த மூன்றாவது வாரம், வெள்ளை மணல்மேல் பழுப்புத் தூசி படிந்தது. துடைத்தேன், மறுநாள் சாயங்காலமே திரும்ப வந்துவிட்டது. பயந்துபோய் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். மாற்ற மாற்ற அதிகமானதே தவிர குறையவில்லை. நான் ஊற்றிய தண்ணீரேதான் அதற்குச் சாப்பாடு என்று புரிய ஒரு மாதம் ஆனது.

அந்தப் பழுப்பின் பெயர் டயாட்டம். சிலிகாவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். அந்தச் சிலிகாவின் கரைந்த வடிவமான சிலிகேட் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும், புது மணலிலிருந்தும் கசியலாம். வரத்து நின்றால் டயாட்டம் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். நானோ சமையலறை ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்துகொண்டிருந்தேன். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்தே விடுகிறார்கள். நமக்குச் சரி, டேங்குக்கு ஆகாது. ஆர்.ஓ.வுக்கு அடுத்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வைத்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

விளக்கையும் சொல்லிவிடுகிறேன். பவளம் எதுவும் இல்லாத டேங்குக்கு 12 மணி நேர வெளிச்சம் போட்டால், அது பாசிக்கு வைக்கும் விருந்து. முதல் மாதங்களில் 6 மணி நேரமே தாராளம்.

இதைவிட மோசமான தவறு, எல்லாவற்றையும் பூஜ்யமாக்கப் பார்ப்பது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் பாசிக்கு உரம் என்று படித்துவிட்டு, பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிப் போடுகிறோம், மீனைப் பட்டினி போடுகிறோம். இரண்டும் 0-வைத் தொட்டதும் பாசி போகும். அந்தக் காலி இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற வேறொரு நுண்ணுயிர் வந்து உட்காரும். அதுவும் பழுப்புதான், ஆனால் சளிபோல நூல் நூலாகத் தொங்கும், நூலுக்குள் காற்றுக்குமிழி சிக்கியிருக்கும். சில வகைகள் நத்தைகளையே கொன்றுவிடும்.

சந்தேகம் வந்தால் கொஞ்சத்தை உறிஞ்சி, டேங்க் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். கலங்கல் மறுபடி நூலாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோதான். அப்போது தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, நைட்ரேட்டை 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) பக்கமும் பாஸ்பேட்டை 0.1 பி.பி.எம். பக்கமும் மெதுவாக ஏற்ற வேண்டும். பாசியை ஒழிக்க உரம் போடுவதா என்று எனக்கும் கை நடுங்கியது.

சிவப்புத் தோல்போல மணலை மூடிக்கொண்டு, இழுத்தால் ஏடாக உரிந்து வருவது சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. அது பாக்டீரியா, அதனால்தான் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடிப் போகிறார்கள். சயனோ போகும், உண்மைதான். ஆனால் டேங்கை நிலைநிறுத்தும் நல்ல பாக்டீரியாவும் அடிபடலாம். செத்த சயனோ அழுகும்போது ஆக்ஸிஜனும் இறங்கும். அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டம் தேங்கும் மூலைக்கு பம்பைத் திருப்பிவைப்பதே என் முதல் வேலை.

அப்புறம் நத்தை. டேங்க் வைத்த வாரமே பாசி மேயும் டர்போ நத்தை பத்து வாங்கினால், மேய எதுவும் இல்லாமல் பட்டினியில் சாகும். செத்த நத்தை, மீனுக்கு விஷமான அம்மோனியாவைத்தான் ஏற்றும். பச்சை முடிப்பாசி வரும்வரை பொறுங்கள். அது நீளமாக வளர்ந்துவிட்டால் பல நத்தைகள் தொடாது. பாசி பிடித்த கல்லை வெளியே எடுத்து, டேங்கிலிருந்து இறைத்த தண்ணீரில் முக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். பிறகு குட்டையாக முளைப்பதை மேய இரண்டு மூன்று நத்தை போதும்.