கிளைடர் கிளப்பில் முதல் நாள்: காலையிலிருந்து மாலை வரை என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் இல்லாத விமானத்தில் பறக்கப் போகிறீர்களா? முழு நாளையும் ஒதுக்கிவிட்டுப் போங்கள். பறப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் தள்ளுவது, தாங்குவது, மாட்டுவது. இந்தத் தரை வேலையில்தான் பாதிப் பாடம் இருக்கிறது என்பது என் கருத்து. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பிக்கு அகல விளிம்பு வேண்டாம், மேலே வரும் கிளைடரை அது மறைத்துவிடும்.

முதல் வேலை, கொட்டகையிலிருந்து கிளைடரை வெளியே கொண்டுவருவது. பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21-இன் இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். எங்கே கை வைக்கலாம் என்று கேட்டுவிட்டே தள்ளுங்கள். இறக்கையின் பின் விளிம்பிலும் கண்ணாடி மூடியிலும் கை படவே கூடாது.

அடுத்தது அன்றாடச் சோதனை. உள்ளே ஒருவர் கிளைடரை இயக்கும் குச்சியை அசைப்பார், வெளியே ஒருவர் இறக்கையின் அசையும் பாகத்தைப் பிடித்து எதிர்ப்பு கொடுப்பார். இணைப்பு உறுதியாக இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். கூடவே நடந்து பாருங்கள்.

அப்புறம் வின்ச். ஓடுதளத்தின் மறுகோடியில் நிற்கும் அது நீளமான கேபிளைச் சுருட்டி, கிளைடரை இழுத்து மேலே ஏற்றும். கேபிள் பக்கம் நிற்காதீர்கள். இறக்கை நுனியைப் பிடிக்கச் சொன்னால் லேசாகத் தாங்கிக்கொண்டு கூடவே ஓடுங்கள். இறுக்கிப் பிடித்தால் கிளைடர் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஏதாவது தவறாகத் தெரிந்தால் உடனே "நிறுத்து!" என்று கத்துங்கள். அன்றுதான் வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு.

உங்கள் முறை வந்ததும் பாராசூட்டை மாட்டி, பட்டைகளை இறுக்கிக்கொண்டு முன் இருக்கையில் உட்காருங்கள். பயிற்றுநர் பின்னால் இருப்பார். சில விநாடிகளில் மூக்கு நன்றாக மேல்நோக்கி எழும், முதுகு இருக்கையோடு அழுந்தும். 300, 400 மீட்டர் உயரத்தில் கேபிள் கழன்றதும் காற்றின் ஓசை மட்டும்தான்.

இப்போது கண்ணாடி மூடிமேல் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளி நூலைப் பாருங்கள். எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்தது அந்த நூல்தான். நேராகக் கிடந்தால் கிளைடர் காற்றை நேராகக் கிழிக்கிறது. நூலின் வால் இடப்பக்கம் ஒதுங்கினால் வலது பெடலை மெதுவாக மிதியுங்கள், அது நடுவுக்கு வரும். என் முதல் நாளில் நான் ஊரையே பார்க்கவில்லை, நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வெளியேயும் பாருங்கள், வேறு கிளைடர் வருகிறதா என்று.

உயரம் கூட வேண்டுமானால் தெர்மல் வேண்டும்: சூடான நிலத்திலிருந்து எழும் காற்று. பஞ்சு மேகத்தின் அடியிலும் பருந்து வட்டமிடும் இடத்திலும் தேடலாம். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் கருவியான வேரியோமீட்டர் ஏற்றம் காட்டினால் வட்டமடியுங்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் சுற்றினால் அவர் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

இறங்குவதைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். தரையைத் தொட்டதும் சட்டென்று இறங்கிவிடாதீர்கள், அவர் சொல்லும்வரை உட்கார்ந்திருங்கள்.

மாலையில் இறக்கையின் முன் விளிம்பில் ஒட்டிய பூச்சிகளை ஈரத்துணியால் துடையுங்கள். அவை காற்றோட்டத்தைக் கெடுக்கும். அப்புறம் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, காலையில் வெளியே கொண்டுவந்த அதே நிதானத்தோடு கொட்டகைக்குள் தள்ளுங்கள்.