கோலிகோவிஷன் பலகையில் காட்சி நினைவகக் கோளாறைக் கண்டறிதல்

1982-இல் வெளிவந்த கோலிகோவிஷன் விளையாட்டுக் கருவியில் கார்ட்ரிட்ஜ் செருகாமலேயே தலைப்புத் திரை தோன்ற வேண்டும். அத்திரையில் எழுத்துகள் மாறியோ கோடுகள் படர்ந்தோ தெரிந்தால், காட்சி நினைவகத்தைச் சோதிக்க அதுவே போதுமான தடயம். இந்நினைவகத்தின் 16 கிலோபைட், சில்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் எட்டு 4116 சில்லுகளில் பிரிந்துள்ளது. செயலிக்குரிய 1 கிலோபைட் இரண்டு 2114 சில்லுகளில் தனியாக உள்ளது; அது பழுதானால் பெரும்பாலும் தலைப்புத் திரையே வராது.

எந்தச் சில்லையும் கழற்றுவதற்கு முன் மின்னழுத்தங்களை அளந்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். 4116-க்கு மூன்று மின்னழுத்தங்கள் தேவை: 1ஆம் காலில் -5 வோல்ட், 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5, 16ஆம் கால் தரை இணைப்பு. கருவி இயங்கும்போதே, சில்லின் கால்களிலேயே அளவெடுங்கள். பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகல் இருக்கக்கூடாது. -5 வோல்ட் இல்லாமல் +12 மட்டும் கிடைத்தால் சில்லு கெட்டுவிடும் என்பதால், அந்தக் குறையைச் சரிசெய்யாமல் புதிய சில்லைப் பொருத்துவது அதையும் பலிகொடுப்பதாகும். இக்கருவியில் மின்விசையின் (பவர் ஸ்விட்ச்) தொடுமுனைகள் அழுக்கேறினாலே இத்தகைய கோளாறுகள் தோன்றும். எனவே விசையைத் தூய்மைப்படுத்திவிட்டு மறுபடி அளவெடுங்கள். அளவுமுனை வழுக்கி 8ஆம் காலின் 12 வோல்ட்டை அடுத்துள்ள 7ஆம் காலோடு, அதாவது முகவரித் தடத்தோடு, இணைத்துவிடாதபடி மிகுந்த கவனம் தேவை.

மின்னழுத்தங்கள் சரியாக இருந்தால் படத்தைக் கூர்ந்து பாருங்கள். எட்டுப் புள்ளிகளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் செங்குத்துக் கோடு திரும்பத் திரும்ப வந்தால், ஒரு பிட் செயலிழந்திருக்கிறது. இடக்கோடிப் புள்ளி மிகுமதிப்புப் பிட்டுக்குரியது; டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எண்முறைப்படி, காட்சிச் சில்லான டிஎம்எஸ்9928ஏ-இல் அது ஆர்டி7 (ஆர்டி என்பவை நினைவகத் தரவைப் படிக்கும் கால்கள்) அன்று, ஆர்டி0 ஆகும். இந்தத் தலைகீழ் வரிசையைக் கவனிக்காதவர்கள் நல்ல சில்லைக் கழற்றிவிடுவார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த ஆர்டி காலிலிருந்து எந்தச் சில்லின் 14ஆம் காலுக்குத் தொடர்ச்சி உள்ளது என்று மல்டிமீட்டரில் பார்த்தால் குற்றவாளி அகப்படும். மாறாக, படம் முழுவதுமே குழம்பியிருந்தால் முகவரித் தடங்களையும், 4 மற்றும் 15ஆம் கால்களில் துடிப்புகள் வருகின்றனவா என்பதையும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்.

நல்ல சில்லொன்றைச் சந்தேகச் சில்லின் மேல் கால்கள் பொருந்த அமர்த்திப் பார்ப்பது விரைவான வழி. ஆயினும் பழைய சில்லின் உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் படம் மாறாது என்பதால், அதை மட்டும் நம்பி ஒரு சில்லை நல்லதென்று விட்டுவிட முடியாது. இயங்கும்போது ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடக் கடுமையாகச் சுட்டால், அதையே முதலில் மாற்றலாம்.

மாற்றும்போது பழைய சில்லின் கால்களை உடலோரம் வெட்டி, ஒவ்வொன்றாக ஈயத்தை உருக்கி எடுங்கள். தடங்கள் பெயராமல் தப்ப இதுவே பாதுகாப்பான வழி. பின்னர் 16 கால் சாக்கெட்டைப் பற்றவைத்து, வெறும் சாக்கெட்டில் மூன்று மின்னழுத்தங்களையும் அளந்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே, பழையதற்கு நிகரான அல்லது அதனினும் வேகமான 4116 சில்லைப் பள்ளக்குறி மாறாமல் செருகுங்கள்.